மருந்துச் சீட்டில் எழுதப்படாத செலவு

ஓய்வு பெறப்போகிறவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் பணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். இந்த வேலையில் இருப்பவர்களுக்குக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளின் வரிசை மனப்பாடம். எந்த மெடிக்ளெய்ம் எடுக்கலாம், எஃப்டியை எந்த வங்கியில் போடலாம், வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எப்போது எழுதிவைக்கலாம் என்று கேட்பார்கள். குளிக்கவும் உடுத்தவும் கழிவறைக்குப் போகவும் இன்னொருவர் கைத்தாங்கல் தேவைப்படும் காலம் வந்தால், தாங்குகிற அந்தக் கைக்கு யார், எதிலிருந்து, எத்தனை ஆண்டுகள் சம்பளம் கொடுப்பது என்று கேட்பவர்கள் அரிது. இத்தனை காலத் தொழிலில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இதுதான்: முதுமையின் பெரிய செலவு பெரும்பாலும் மருத்துவமனையில் வருவதில்லை, வீட்டில், மாதாமாதம், சம்பளமாக வருகிறது. அதைச் சம்பளம் என்றே எண்ணி முன்கூட்டி ஏற்பாடு செய்த குடும்பம் தாக்குப்பிடிக்கிறது. வைத்தியச் செலவு என்று எண்ணி, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த குடும்பம் ஓரிரு ஆண்டுகளில் திணறிப்போகிறது. அது ஏன் என்பதையும், அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் இங்கே ஒழுங்காக எடுத்துவைக்க முயல்கிறேன்.

முதலில் காலத்தின் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு 2021இல் அது 13.6 சதவீதம் என்றும் 2031இல் 18.2 சதவீதம் ஆகும் என்றும் சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 60ஐத் தொட்ட ஓர் இந்தியர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் வாழ்கிறார்; சராசரி என்பதால் 85ஐயும் 90ஐயும் தாண்டுகிறவர்கள் ஏராளம். மறுபக்கத்தில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். நம் மாநிலத்தில் இந்த எண்ணிக்கை குறைந்து இரண்டு தலைமுறை ஆகப்போகிறது. ஐந்தாறு பிள்ளைகள் பங்கு போட்டுச் செய்த வேலை இன்று இரண்டு பேர் தலையில், பல வீடுகளில் ஒரே ஒருவர் தலையில் விழுகிறது. அந்த ஒருவர் பெங்களூரிலோ டாலஸிலோ இருக்கக்கூடும். இந்த 18 ஆண்டுகளில் பெரும்பகுதி நல்ல காலம்தான். கோயிலுக்குப் போவார்கள், பேரப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவார்கள். சிக்கல் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, பார்கின்சன் நோய் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பிறர் கையை நம்பி வாழும் சில ஆண்டுகள் யாருக்கோ வருபவை என்று ஒதுக்கிவிட முடியாது.

பராமரிப்பு என்று நான் சொல்வது எதை என்று தெளிவுபடுத்திவிட வேண்டும். முதியோர் மருத்துவத்தில் ஆறு அன்றாடச் செயல்களை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறையைப் பயன்படுத்துவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது. இவற்றில் இரண்டு மூன்றைத் தானாகச் செய்ய முடியாமல் போன நாளிலிருந்து ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் முழுநேரமாகத் தேவைப்படுகிறார். பக்கவாதம் வந்தவர் மருத்துவமனையில் இருப்பது இரண்டு வாரமாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர் இருக்கும், பிசியோதெரபி என்று எழுதியிருக்கும், அடுத்த செக்கப் தேதி இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று செவிலியர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரவு ஷிப்ட் ஒன்றும் பகல் ஷிப்ட் ஒன்றும் இருக்கின்றன. ஏர் பெட், டயப்பர், கதீட்டர், மூக்குவழிக் குழாயில் கொடுக்கும் கஞ்சி எல்லாம் அதன் பிறகு வருபவை. இவை எதற்கும் மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை; எழுதினாலும் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக அதை பில்லாக ஏற்பதில்லை.

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்களின் கணக்கு தவறுகிறது. பத்து லட்சத்துக்கு மெடிக்ளெய்ம் இருக்கிறது, போதாதா என்று கேட்கிறார்கள். பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் ஐந்தாவது, ஓய்வுக்காகவும் பராமரிப்புக்காகவும் ஆகும் செலவைப் பற்றியது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, நடக்க உதவுவது போன்ற வேலைகளை வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ, பயிற்சி பெற்ற செவிலியர் செய்தாலும் பயிற்சி இல்லாதவர் செய்தாலும், அதற்குப் பணம் கிடையாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நம் உடல்நலக் காப்பீடு ஆஸ்பத்திரிப் படுக்கையைச் சுற்றிக் கட்டப்பட்டது. அண்மையில் வந்த மாற்றங்கள் நல்லவை. 2024 ஏப்ரல் முதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்க முடிகிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைந்தது. 2025 முதல் மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்த ஆணையத்தின் ஆலோசனை வேண்டும் என்றாகியிருக்கிறது. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இவை எல்லாமே வேண்டியவைதான். மெடிக்ளெய்ம் எடுக்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் இவை எல்லாமே ஆஸ்பத்திரி அட்மிஷனைச் சுற்றியே அமைந்தவை. பராமரிப்பின் செலவு டிஸ்சார்ஜ் அன்றுதான் தொடங்குகிறது.

ஆகவே கணக்கைச் சம்பளக் கணக்காகவே போட வேண்டும். ஊருக்கு ஊர், ஏஜென்சிக்கு ஏஜென்சி தொகை மாறும். எளிமைக்காக, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டருக்கு மாதம் 25,000 ரூபாய், டயப்பர், பிசியோதெரபி, சத்துணவு ஆகியவற்றுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 35,000, ஆண்டுக்கு 4,20,000. நான்கு ஆண்டுகளுக்கு இன்றைய விலையில் 16,80,000. கூலி ஆண்டுக்கு ஏழு சதவீதம் ஏறினால் பத்து ஆண்டுகளில் எல்லாத் தொகையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்படியானால் இன்று 65 வயதில் இருப்பவர் தம் 75ஆவது வயதில் அதே பராமரிப்புக்கு மாதம் 70,000 ரூபாய் தேவைப்படும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சோர்வதற்கு முன் கணக்கின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். ஒதுக்கிவைத்த பணம் வரி போகக் கூலியின் வேகத்திலேயே வளர்ந்தால், இன்று ஒதுக்க வேண்டியது அந்த 16,80,000 ரூபாய்தான்; தேவை எந்த ஆண்டில் வந்தாலும் அது ஈடுகொடுக்கும். வளர்ச்சி கூலியை விடக் குறைவாக இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று அந்த நான்கு ஆண்டுகள் சுருங்கிக்கொண்டே போகும். பெரிய தொகை சேர்ப்பதற்கு நிகரான முக்கியத்துவம், சேர்த்ததைக் கூலியின் வேகத்துக்குக் குறையாமல் வளரவிடுவதற்கும் உண்டு.

மூத்த குடிமக்களின் பணம் வழக்கமாகப் போய்ச்சேரும் இடங்களை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். அஞ்சலகத்திலும் வங்கியிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பாதுகாப்பானது, வட்டியும் நல்லது. 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை அதில் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 20,500. உச்சவரம்பு வரை போட்டாலும், மேலே சொன்ன அட்டெண்டரின் சம்பளத்துக்கே அது எட்டாது. மேலும் அந்தத் தொகை ஐந்து ஆண்டும் அசையாமல் நிற்கும், கூலி நிற்காது. ஆயுள் முழுக்க ஓய்வூதியம் தரும் ஆன்யூட்டி திட்டங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். ஆகவே ஓய்வுக்காலப் பணத்தை இரண்டாகப் பிரித்து எண்ணச் சொல்கிறேன். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் வட்டி தரும் பகுதி ஒன்று. பராமரிப்புக்கென்று தொடாமல் வைக்கும் பகுதி இன்னொன்று. தேவை பத்து ஆண்டுக்கு அப்பால் இருக்கும்வரை அதில் ஓர் அளவு பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் இருக்கலாம், தேவை நெருங்க நெருங்க வைப்புக்கு மாற்ற வேண்டும். வட்டி ஓரளவு கூடுதலாகத் தருகிறது என்பதற்காகப் பதிவில்லாத நிதி நிறுவனங்களில் இந்தப் பணத்தைப் போடவே கூடாது. முதலைத் தொலைத்த 75 வயதுக்காரருக்குத் திரும்பச் சம்பாதிக்கக் காலம் இல்லை.

இந்தக் கணக்கில் அடிக்கடி விடுபடுவது இரண்டாவது ஆள். நம் வீடுகளில் கணவருக்கு மனைவியைவிட வயது கூடுதல். பெண்கள் சற்று அதிக காலம் வாழ்கிறார்கள். கணவர் படுக்கையில் விழும்போது மனைவி பார்க்கிறார். சேமிப்பும் கணவருக்கே செலவாகிறது. அவர் போன பிறகு மனைவியின் முறை வரும்போது பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை, வருமானமும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். தனியார் துறையில் இருந்தவரின் மனைவிக்கு இபிஎஃப் ஓய்வூதியத் திட்டத்தில் கிடைக்கும் விதவை ஓய்வூதியம், கணவர் வாங்கியதில் பாதி. குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஆகவே பராமரிப்புத் தொகையில் மனைவியின் பங்கை முதல் நாளிலேயே பிரித்து, அவர் பெயரிலேயே வைக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. கணவரின் சிகிச்சைக்கு அதைத் தொடுவது அன்பின் பெயரால் நடக்கும். அதன் விலையைக் கொடுப்பவர் எதிர்ப்புச் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். அதனால்தான் அந்தப் பிரிவினை நெருக்கடிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் எழும் முதல் மறுப்பு எல்லோரும் அறிந்தது. பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. அதற்கு விலை போடுவது உறவை அவமதிப்பது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்றும் பெரியவர்களைத் தாங்கத்தான் செய்கின்றன. ஆனால் தாங்குவது யார் என்று பார்க்க வேண்டும். மகன் பார்க்கிறான் என்று சொல்லப்படும் வீட்டில் பெரும்பாலும் மருமகள் பார்க்கிறாள். அல்லது வேலையை விட்டுவிட்டு மகள் வந்து பார்க்கிறாள். மாதம் 40,000 ரூபாய்ச் சம்பளத்தை விட்டவர் ஆண்டுக்கு 4,80,000 ரூபாயைக் குடும்பத்துக்குக் கொடுக்கிறார். அதோடு தம் பிஎஃபையும் பதவி உயர்வையும், ஐந்து ஆண்டு கழித்து மறுபடி வேலை கிடைக்கும் வாய்ப்பையும் கொடுக்கிறார். இது எந்தப் பாஸ்புக்கிலும் பதிவாகாத செலவு. அதைக் கணக்கில் எழுதுவது உறவுக்கு விலை போடுவதாகாது; உறவுக்காக ஒருவர் இழப்பதை மற்றவர்கள் ஒப்புக்கொள்வதாகும். உடன்பிறந்தவர்களில் ஒருவர் உடலால் உழைக்கும்போது மற்றவர்கள் பணத்தால் ஈடுசெய்ய வேண்டும் என்று முன்பே பேசி, வாட்ஸ்அப் குழுவிலாவது எழுதிவைத்த குடும்பங்களில் பின்னால் மனத்தாங்கல் குறைவு. அட்டெண்டர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடிகிற வீட்டில், மகளுக்கு அம்மாவோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது. பணம் பாசத்தின் இடத்தைப் பிடிப்பதில்லை. பாசத்துக்கு நேரம் வாங்கித் தருகிறது.

அடுத்தது வீடு. நடுத்தரக் குடும்பத்தின் சொத்தில் பெரும்பகுதி குடியிருக்கும் வீடாகத்தான் இருக்கிறது. அதை உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் மூலம் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வலுவாக இருக்கிறது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தாள் கட்டணத்தில் உச்சவரம்பு உண்டு என்பதால் செலவு குறைவு. பின்னால் தகராறு வராது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்தப் பத்திரம் பதிவானதும் வீடு கைமாறிவிடுகிறது. பராமரிப்புக்குப் பணம் தரக்கூடிய ஒரே பெரிய சொத்து, பராமரிப்புத் தேவைப்படுவதற்குப் பத்தாண்டு முன்பே கையை விட்டுப் போகிறது. உயில் அப்படியல்ல. எழுதியவர் இருக்கும்வரை சொத்து அவருடையது; மனம் மாறினால் உயிலை மாற்றலாம்; முத்திரைத்தாள் தேவையில்லை; இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும், பதிவு கட்டாயமும் இல்லை. செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்ற நிலை வந்தால், தமக்கும் துணைவருக்கும் வாழ்நாள் உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே தெளிவான சொற்களில் எழுதச் சொல்கிறேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. அந்த நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது; 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

வீட்டைக் கொடுக்காமல் வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை குறையாதா, சட்டம்தான் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தைப் பற்றிய நம்பிக்கைக்கு அதன் எண்களே பதில். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பிள்ளைகளிடமிருந்து பெற்றுத்தரக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு அந்தச் சட்டமே வகுத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். முழு வெற்றி கிடைத்தாலும் அட்டெண்டர் சம்பளத்தில் பாதிகூட வராது. வழக்கால் பெறும் பராமரிப்பு கடைசிப் புகலிடமாக இருக்கலாம், திட்டமாக இருக்க முடியாது. பிள்ளைகளின் நம்பிக்கையைப் பொறுத்தவரை, மறைத்துவைப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது. வீடு எங்கள் இருவரின் பராமரிப்புக்கான ஈடு, அதற்குப் பின் மீதி இருப்பது உங்களுக்கு என்று பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை. அந்த வீட்டைப் பணமாக்க வழிகளும் உண்டு. மாடியை வாடகைக்கு விடலாம். ஆனால் சென்னையில் குடியிருப்பு வாடகை வீட்டின் மதிப்போடு ஒப்பிட்டால் குறைவுதான். பெரிய வீட்டை விற்று, லிஃப்டும் பக்கத்தில் மருத்துவமனையும் உள்ள சிறிய வீட்டுக்கு மாறி, மீதியைப் பராமரிப்புத் தொகையில் சேர்க்கலாம். 2007இல் தேசிய வீட்டுவசதி வங்கி அறிமுகப்படுத்திய தலைகீழ் அடமானக் கடனும் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் பெறலாம். அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. தம்பதி இருவரும் காலமான பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லாவிட்டால் வங்கி விற்று மீதியைத் தரும். வங்கிகள் இதை ஊக்கத்தோடு விற்பதில்லை, குடும்பங்களும் கூச்சப்படுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிவிட்ட வீடுகளில் இது இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டிய வழி.

கோயம்புத்தூரைச் சுற்றியும் சென்னைப் புறநகரிலும் பெருகியிருக்கும் முதியோர் குடியிருப்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். தனிமைக்கு அவை நல்ல மருந்து. சமையல், பாதுகாப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கும். ஆனால் அங்கே வீடு வாங்குவதும் பராமரிப்பு வாங்குவதும் ஒன்றல்ல. நடமாட்டம் போன பிறகும் அங்கேயே இருக்க விடுவார்களா, அட்டெண்டர் சம்பளம் மாதக் கட்டணத்தில் சேர்ந்ததா, கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், மறதிநோய் வந்தவரைப் பார்க்கத் தனிப் பிரிவு உண்டா, வாரிசு விற்க நினைத்தால் எந்த வயதுக்காரருக்கு விற்க முடியும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பணமும் வீடும் இருந்தும் முடங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு. காரணம் கையெழுத்து. பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம் என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. எந்த நாளுக்காக அந்தப் பத்திரத்தை எழுதினார்களோ, சரியாக அந்த நாளில் அது செல்லாமல் போகிறது. சில நாடுகளில் உள்ளதுபோல் நினைவு தவறிய பிறகும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு நம் நாட்டில் பொதுச் சட்டம் இல்லை. கோமாவில் இருப்பவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியையோ பிள்ளையையோ பாதுகாவலராக நியமிக்கும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றமும் அப்படி நியமித்திருக்கின்றன. அது நடக்கும் மாதங்களில் அட்டெண்டர் சம்பளம் யார் பையிலிருந்து போகும்? ஆகவே பராமரிப்புக்கென வைத்த வைப்புகளையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் இருவரில் யார் கையெழுத்திட்டாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில், நம்பிக்கையான ஒருவரோடு சேர்த்து வைப்பது நல்லது. நாமினி போட்டிருக்கிறோமே என்றால், நாமினிக்கு மரணத்துக்குப் பிறகுதான் வேலை. உயிரோடு இருந்து நினைவில்லாத காலத்துக்கு அது உதவாது. மீட்க முடியாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்ற விருப்பத்தையும் எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்தது; 2023இல் அந்த முறை எளிதாக்கப்பட்டு, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரும் போதும் என்றானது. அந்தத் தாள் இருந்தால், அப்பாவுக்கு எது வேண்டும் என்று ஐசியூ வாசலில் பிள்ளைகள் ஊகிக்க வேண்டியதில்லை.

மிகக் கடினமான மறுப்பு இனிதான் வருகிறது. 16.8 லட்சம் ஒதுக்கு என்பது வசதியுள்ளவர்களுக்குச் சொல்லும் யோசனை; மாநில அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023இல் உயர்த்தப்பட்ட பிறகும் மாதம் 1,200 ரூபாய்தான்; அதை வாங்குகிறவர் எதை ஒதுக்குவார்? இந்தக் கேள்வி சரியானது. பணம் இல்லாதவர்களுக்கும் திட்டத்தில் சில பகுதிகள் பயன்படும்: யார் பார்ப்பது என்ற பேச்சு, இருக்கும் சிறு வீட்டை எழுதிக்கொடுக்காமல் வைத்திருப்பது, உதவிகளைத் தெரிந்துவைத்திருப்பது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி இலவசமாக வருகின்றன. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. புறக்கணிப்புக்கும் துன்புறுத்தலுக்கும் 14567 என்ற உதவி எண் இருக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வரும் செவிலியர் இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க மாட்டார். அந்த வேலைக்குச் சம்பளம் தர முடியாத குடும்பங்களே பெரும்பான்மை என்பதால், தனி மனிதத் திட்டமிடலின் எல்லை இங்கே முடிகிறது. பொதுக் காப்பீட்டின் தேவை தொடங்குகிறது.

அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு மற்ற நாடுகளே சான்று. ஜெர்மனி 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஜப்பான் 2000 ஏப்ரலில் தொடங்கியது. 40 வயதானவர்கள் எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள், பராமரிப்பு தேவைப்படும்போது பெரும்பாலோர் செலவில் பத்து சதவீதம் மட்டும் தருகிறார்கள். தமிழர்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில், 2020இல் வந்த கேர்ஷீல்ட் லைஃப் திட்டம் 1980இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கட்டாயம். மேலே சொன்ன ஆறு செயல்களில் மூன்றைச் செய்ய முடியாமல் போனவருக்கு, அந்த நிலை நீடிக்கும்வரை மாதாமாதம் பணம் தருகிறது. திட்டம் தொடங்கிய 2020இல் அது 600 சிங்கப்பூர் வெள்ளி; புதிதாகப் பெறுவோருக்கான தொகை அதன் பிறகு உயர்ந்துவருகிறது. மருத்துவமனை பில் கேட்காமல், மாதத் தொகையாகக் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பராமரிப்பு ஒரு சம்பளம் என்பதை அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரசு கொடுத்தால் பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஜெர்மனியின் அமைப்பு பதில் சொல்லும். அங்கே வீட்டில் உறவினரே பார்த்துக்கொண்டால், சேவைக்குப் பதிலாகப் பணமாகவே பெற்றுக்கொள்ளலாம். குடும்பத்தின் உழைப்பை அந்தச் சட்டம் ஒழிக்கவில்லை. அதற்கு மதிப்புத் தந்திருக்கிறது. மாதச் சம்பளக்காரர்கள் இபிஎஃப், இஎஸ்ஐ என்று பங்களித்துப் பழகிய மாநிலம் நம்முடையது. நாற்பது வயதில் தொடங்கும் சிறு பங்களிப்பில், வீட்டில் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் ஏஜென்சியிலிருந்து வரும் அட்டெண்டருக்கும் மாதம் ஒரு தொகை கிடைக்கும் திட்டத்தைக் கேட்க நமக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

அது வரும்வரை, ஒவ்வொரு குடும்பமும் தன் அளவில் செய்யக்கூடியது உண்டு. அதைச் செய்ய ஏற்ற வயது 60க்கும் 65க்கும் இடைப்பட்டது, உடலும் நினைவும் தெளிவாக இருக்கும் காலம். யார் பார்ப்பார்கள், எந்த ஊரில், யாருடைய வீட்டில், மாதம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, யார் கையெழுத்தில், துணைவருக்கு மீதி என்ன என்று ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருக்கும்போது படித்துக் காட்ட வேண்டும். தொகை போதாமல் இருந்தால் போதவில்லை என்பதும் அப்போதே தெரியும். வேலைக்குப் போகும் ஆண்டுகளைக் கூட்டவோ, திருமணச் செலவைக் குறைக்கவோ, வீட்டைச் சிறிதாக்கவோ இன்னும் நேரம் இருக்கும். பிள்ளைகளுக்குச் சொத்து கொடுப்பதைப் பெருமையாகக் கருதும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: உங்களைப் பார்த்துக்கொள்ளும் கைக்குச் சம்பளம் ஒதுக்கிவைத்தால், உங்கள் மகளின் வேலையையும் மருமகளின் உடல்நலத்தையும் உடன்பிறந்தவர்களின் ஒற்றுமையையும் சேர்த்தே அவர்களுக்கு விட்டுச்செல்கிறீர்கள். வீட்டுப் பத்திரத்தால் அவற்றை வாங்கித் தர முடியாது.